மறுதலைக் கமலாத்தாளும் காதுகுத்து வரட்டியும்

எருக்கம்பதியில் போய்க் கமலாத்தாள் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். மறுதலைக் கமலாத்தாள் என்று கேட்டால் ஒரே வீடுதான். காட்டுகிறவர் கூடவே ஒரு சிரிப்பையும் சிரித்துவைப்பார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் நடந்தால் வரும் ஊர் அது. பேசுவது தமிழ், பட்டயம் மலையாளத்தில், சினிமாவுக்குப் போவது பொள்ளாச்சிக்கு, சர்க்கரைக்கு நிற்பது கேரள ரேஷன் கடையில்.

அவளுக்கு அந்தப் பட்டம் வந்தது எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையால். ‘இரண்டு கோணங்கள் செங்கோணங்களானால் அவை சமம். இதன் மறுதலை சரியா, தவறா?’ என்று ஒரு கேள்வி. மறுதலை என்றால் வாக்கியத்தின் தலையையும் வாலையும் இடம் மாற்றிப் போடுவது என்று அவளுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தாள்: சமமானால் செங்கோணம். கேட்க நன்றாக இருந்ததால் ‘சரி’ என்று எழுதினாள். இரண்டு மார்க் போயிற்று. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை விரித்தவளுக்கு, எதிரெதிரே இருந்த கோணங்கள் இரண்டும் சமமாகவும் எந்தச் செங்கோணத்துக்கும் சம்பந்தமில்லாமலும் இருப்பது கண்ணில் பட்டது. ஒரு வாக்கியம் உண்மை என்பதால் அதைத் திருப்பிப் போட்டதும் உண்மையாகிவிடாது என்று அன்றைக்கு உறைத்தது. அதற்கடுத்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டார்கள். படிப்பு போனதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள்; அந்த இரண்டு மார்க்கை மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். குப்பண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் நாச்சம்மாள், நல்ல மருமகள் என்றால் விடிவதற்குள் எழுந்துவிடுவாள் என்று ஜாடையாகச் சொன்னார். சரிதானுங்க அத்தை, ஆனால் விடிவதற்குள் எழுந்தவளெல்லாம் நல்ல மருமகள் ஆகிவிட மாட்டாள், திருடனும்தான் எழுகிறான் என்றாள் கமலாத்தாள். இவள் வாயாடி என்று முடிவு கட்டியிருப்பார். அதற்குள் ஒரு நாள் மருமகள் சூரியன் முகத்தில் அடிக்கும்வரை தூங்கிவிட்டாள். எழுந்தவள் நேரே மாமியாரிடம் போய், நீங்கள் சொன்ன கணக்குப்படி எழாதவள் நல்ல மருமகள் இல்லை, ஆகவே இன்றைக்கு நான் நல்ல மருமகள் இல்லீங்க அத்தை என்று ஒப்புக்கொண்டாள். தன் வாக்கியத்தை இப்படி முன்னும் பின்னும் நேர்மையாக நடத்துகிற பிள்ளையை என்ன செய்வது? நாச்சம்மாள் சிரித்துவிட்டார்.

ஊருக்கும் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. ரேஷன் கடை அலவி, சர்க்கரை வந்தால் ஞாயிற்றுக்கிழமையானாலும் கடையைத் திறப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தது. ஊரே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. உள்ளே அலவி விளக்குமாற்றோடு எலி அடித்துக்கொண்டிருந்தார். கமலாத்தாள் மட்டும் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை வந்தால் திறப்பேன் என்றாரே தவிர, திறந்தால் சர்க்கரை வந்தது என்றா சொன்னார் என்று திரும்பி வந்தவர்களை அவள் கேட்டது, அப்போது யாருக்கும் ரசிக்கவில்லை.

குப்பண்ணன் இதற்கு நேர் எதிர். நல்ல மனிதன், ஆனால் மூக்கு நுனியில் கோபம். யாராவது ஒன்று சொல்லிவிட்டால், இல்லை என்று எடுத்துச் சொல்கிற பொறுமை கிடையாது. எடுத்த எடுப்பில் ‘சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன், வாய்யா கோயிலுக்கு’ என்பான். அந்தப் பழக்கம்தான் எழுபத்து நாலாம் வருஷம் கார்த்திகைக் கடைசியில் அவனை மாட்டிவைத்தது.

அந்த ஊரில் வாய்க்கால் தண்ணீர் நெல் வயலுக்கு மட்டும்தான், அதுவும் முறை வைத்து. மேட்டுக்காட்டுக்குத் திருப்பினால் திருட்டு. முறையைப் பிரித்துவிடும் பொறுப்பு செங்கோட்டையனிடம் இருந்தது. அது கீழ்வயல்காரன் ரத்தினசாமியின் முறை, ஒரு புதன்கிழமை. மத்தியானம் அவன் வயலில் தண்ணீர் சுண்டிவிட்டது. கரையோடு மேலே நடந்து பார்த்தால் இரண்டு ஆள் கை விரித்த அகலத்துக்குக் கரை உடைந்து கிடக்கிறது. உடைப்புக்கு ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் குப்பண்ணனின் மேட்டுக்காட்டுக்குப் போகிற, பல வருஷமாகத் தண்ணீர் காணாத பழைய கிளை வாய்க்கால், ஊர்ப்பேச்சில் கொப்பு வாய்க்கால். காட்டில் நிலக்கடலை நின்றது. ரத்தினசாமி ஒன்றும் ஒன்றும் இரண்டு, உடைத்தது குப்பண்ணன்தான் என்று கூட்டினான். ஆட்கள் சேர்ந்து உடைப்பை அடைத்துவிட்டார்கள். சேற்றில் பதிந்த கால்தடங்களில் யாருடையது எது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் பேச்சு வந்தது. யாராவது கிளை வாய்க்காலுக்குள் இறங்கிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். குப்பண்ணன் விட்டால்தானே? சூடத்தை ஏற்றி, நான் தண்ணி திருப்பலை என்று சொல்லி, கையால் அடித்து அணைத்தான். அங்கே ஒரு வழக்கம்: சூடம் அணைந்துவிட்டால் விசாரணையும் அணைந்தது. அதற்குமேல் சாட்சி கேட்பது ஆத்தாளைச் சந்தேகப்படுவதாகும். பொய்ச் சத்தியம் என்றால் ஒரு மண்டலத்துக்குள் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும், ஆடோ மாடோ மனிதரோ. எல்லோரும் விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கமலாத்தாளுக்குச் சேதி வந்து சேர்ந்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்கழியில் கோமாரி வந்தது. கிழக்குக் காற்று சுருட்டி அடிக்கிற பருவம். காற்றோடு நோயும் பட்டி பட்டியாகத் தாவியது. தை மாதம் பிறந்து பதினைந்து நாள் ஆவதற்குள் ஊரில் ஒன்பது உருப்படி போய்விட்டது. ஒன்பதாவது, குப்பண்ணன் ஏரில் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தை மாடு, செவலை. அன்றைக்குச் சத்தியத்தின் நாற்பத்து நாலாம் நாள்.

பாருங்கள், தமிழிலும் மலையாளத்திலும் கால் வைத்த ஊர் என்றேனே, அதன் சங்கடம் இங்கேதான் வந்தது. தமிழ்க் கணக்குக்கு மண்டலம் நாற்பத்தெட்டு நாள். மலையாளக் கணக்குக்கு நாற்பத்தொன்று. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. குப்பண்ணனுக்கு வேண்டியவர்கள், நாம் இருப்பது கேரளா, மண்டலம் நாற்பத்தொன்றோடு முடிந்தது, மாடு தன்பாட்டுக்குச் செத்தது என்றார்கள். மற்றவர்கள், ஆத்தா தமிழ்ச்சாமி, அவளுக்கு நாற்பத்தெட்டுதான் என்றார்கள். இரண்டு நாள் இதே பேச்சு. நாற்பத்தொன்றைப் பிடித்துக்கொள் என்று வீடு தேடி வந்து சொன்னவர்களிடம் கமலாத்தாள் முடியாது என்றுவிட்டாள். மூன்று நாள் வித்தியாசத்தில் தப்பித்தால், பொய்யன் தப்பித்தான் என்றுதானே பேர் வரும் என்றாள்.

செங்கோட்டையன் நாற்பத்தெட்டு என்று தீர்த்தார். குப்பண்ணன் பொய்ச் சத்தியம் செய்தவன். இந்தப் போகம் முடியும்வரை அவனுக்கு முறைத் தண்ணீர் இல்லை. நெல் பால் பிடிக்கிற பருவம். வருகிற செவ்வாய்க்கிழமை முறைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் இரண்டு ஏக்கரும் பதராகப் போகும். தெரிந்தேதான் தீர்த்தார், கெட்டவர் இல்லை, ஆத்தாளுக்குப் பயந்தவர்.

கமலாத்தாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். பெண்கள் ஓரமாக நின்றுதான் பேசுவார்கள். ஓரத்திலிருந்து பேசினால் அடிக்கிற காற்றில் யார் காதிலும் விழாது என்பது அவள் சொன்ன சமாதானம்.

“பொய்ச் சத்தியம் பண்ணுனா ஊட்டுல உசுரு போகுமுங்க மாமா. சரி. உசுரு போனா பொய்ச் சத்தியம்னு ஆயிருமுங்களா? ஒம்போது உருப்படி செத்துருக்குது. மத்த எட்டு ஊட்டுக்காரரும் எந்தச் சத்தியம் பண்ணுனாங்க?”

கூட்டத்தில் எட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள். செங்கோட்டையனும் லேசுப்பட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, நீ சொல்வது நியாயம்தான் அம்மிணி, மாடு செத்ததை வைத்து அவன் பொய்யன் என்று சொல்ல முடியாது, ஆனால் அதை வைத்து அவன் யோக்கியன் என்றும் சொல்ல முடியாதே என்றார். கமலாத்தாளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிராளி சரியாகச் சொன்னால் சரி என்று ஒப்புக்கொண்டுவிடுவாள். ஒப்புக்கொண்டாள். அப்படியானால் சந்தேகம் சந்தேகமாகவே இருக்கிறது, சந்தேகத்துக்குத் தண்ணீர் விட முடியாது, செவ்வாய்க்கிழமைக்குள் வேறு ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று அவர் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய கஷ்டம் காத்திருந்தது. மாடு இல்லாத கட்டுத்தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த குப்பண்ணன், அவளைப் பார்க்காமலே கேட்டான்.

“ஏன் கமலா, அன்னிக்குக் காலையில கரையில புல்லறுத்தனே. தெரியாம மம்பட்டி பட்டு மண்ணு பேந்துருக்குமோ? நான் பண்ணாம செவல எதுக்குச் சாகுது?”

ஊர் திருப்பிப் போட்டதை இவனும் திருப்பிப் போட்டுவிட்டான், அதுவும் தன் தலைமேலேயே. அந்தக் கரையில் அவன் புல் அறுத்தது அரிவாளால், மண்வெட்டி அன்றைக்கு வீட்டில் இருந்தது, அவள்தான் அதை வைத்து எருக்குழியில் வேலை செய்தாள். சொன்னாள். தலையை ஆட்டினானே தவிர அவன் காதில் ஏறவில்லை. சத்தியம் செய்கிற கோபக்காரன் போய், தன்னையே நம்பாத ஒருவன் கட்டுத்தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் போனால் ஒரு போகம் போகும், இவன் இப்படியே போய்விட்டால் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், செவலை போன பிறகு யாரும் சரியாகக் கட்டாத கன்றுக்குட்டி சமையல்கட்டுக்குள் நுழைந்து தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துவிட்டது. அடுப்பு மூலையிலிருந்த வரட்டி அத்தனையும் நனைந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் அதையே வைத்து ஊதினாள். பற்றவில்லை. வீடு முழுக்கப் புகை. புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு வெளியே வந்தபோது எதிரில் செங்கோட்டையனின் மனைவி மயிலாத்தாள் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்பதால் வராமல் இருக்கிற ஆள் இல்லை அவள். முறத்தில் நாலு கத்தரிக்காயோடு வந்திருந்தாள். கமலாத்தாளின் முகத்தைப் பார்த்ததும், இப்படிக் கண் சிவக்கச் சிவக்க அழலாமா என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கதோஷம் எங்கே விடும்? அழுதால் கண் சிவக்கும், அதற்காகச் சிவந்த கண்ணெல்லாம் அழுத கண் ஆகிவிடாது, இது ஈர வரட்டி செய்த வேலை என்றாள் கமலாத்தாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஈர வரட்டி என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“ஏனுங்கக்கா, உங்கூட்டுக் காதுகுத்துக்கு நாங் குடுத்த வரட்டி பொகஞ்சுதுங்களா?”

எங்கே புகைந்தது, சருகு மாதிரி எரிந்தது, நெருப்பைக் குறைக்க முடியாமல் சோறு குழைந்தேபோயிற்று என்றாள் மயிலாத்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து கார்த்திகை மாதக் கடைசி வியாழக்கிழமை. முந்தின நாள் புதன்கிழமை சாயங்காலம், கரை உடைந்ததை ஆண்கள் அடைத்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த நேரம், மயிலாத்தாளே இரண்டு பெண்களோடு வந்து கூடை கூடையாக எடுத்துப் போனாள். எங்கிருந்து? குப்பண்ணனின் மேட்டுக்காட்டுக் கிளை வாய்க்காலுக்குள்ளிருந்து. காற்றுக் காலம் வந்தால் கமலாத்தாள் வரட்டியை அங்கேதான் அடுக்குவாள். பள்ளமானதால் காற்று தூக்காது, தண்ணீர் வராததால் நனையாது. கார்த்திகை முழுக்க அடுக்கி, கல்யாணம் காட்சிக்கு என்று யார் கேட்டாலும் கொடுப்பாள். அன்றைக்கு மொத்த அடுக்கும் காதுகுத்துக்கே போயிற்று. பிறகு சத்தியம் வந்து வாயை அடைத்தது, மாடு செத்து எல்லோரையும் மாட்டையே பார்க்க வைத்தது. அடுக்கியவளுக்கே அடுக்கு மறந்துபோயிருந்தது. அடி அடுக்கையும் எடுத்தீர்களா என்று அவள் கேட்டாள். அடி மண்ணையும் சேர்த்தல்லவா வழித்துக்கொண்டு போனோம், முந்தானையெல்லாம் ஒரே தூசி என்றாள் மயிலாத்தாள். இதை உங்கள் வீட்டுக்காரர் முன்னால் சொல்வீர்களா என்று கமலாத்தாள் கேட்டாள். மயிலாத்தாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்திலும் சொல்வேன், வீட்டிலும் சொல்வேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. சத்தியம் செய்த விஷயத்துக்குச் சாட்சி கேட்பது வழக்கமில்லை என்று செங்கோட்டையன் முதலிலேயே கையைத் தூக்கிவிட்டார். சத்தியத்தை ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வரட்டியைப் பாருங்கள் என்றாள் கமலாத்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிதானமாக ஆரம்பித்தாள்.

“தண்ணிய எங்காட்டுக்குத் திருப்பியிருந்தா அந்தக் கொப்பு வாய்க்கால்ல போயிருக்கோணும். வேற வழி இல்லீங்க. போயிருந்தா அடுக்கி வெச்ச வரட்டி நனஞ்சிருக்கோணும். நனஞ்சிருந்தா அடுத்த நாளு எரிஞ்சிருக்காது. உங்கூட்டு அடுப்புல எரிஞ்சுதுங்களா இல்லீங்களா, அக்காவைக் கேளுங்க.”

செங்கோட்டையன் திரும்பி மனைவியைப் பார்த்தார். மயிலாத்தாள் எதையும் விடாமல் சொன்னாள்: சாயங்காலம் எடுத்தது, அடிவரை எடுத்தது, முந்தானைத் தூசி, திகுதிகு என்று எரிந்தது. சோறு குழைந்ததையும் சேர்த்துச் சொன்னாள். பந்தியில் உட்கார்ந்து அந்தக் குழைந்த சோற்றைத் தின்றவர்கள்தான் அங்கே பாதிப்பேர். ரத்தினசாமி இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றவன்.

இதையும் திருப்பிப் போட்டதுதானே என்று யாரோ ஒருவர் இழுத்தார். திருப்பிப் போட்டதுதான், ஆனால் இரண்டு பக்கமும் ‘இல்லை’ சேர்த்துத் திருப்பியது, அது எப்போதும் செல்லும் என்றாள் கமலாத்தாள். தண்ணீர் போனால் நனையும் என்பது உண்மையானால், நனையாத இடத்தில் தண்ணீர் போகவில்லை. நனைந்திருந்தால் தண்ணீர் போனது என்று மட்டும் சொல்லக் கூடாது. கன்றுக்குட்டி குடத்தைச் சாய்த்திருக்கலாம். செங்கோட்டையன் மனதுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது அவர் உதட்டில் தெரிந்தது. கடைசியில் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணி உடுங்கப்பா என்றார்.

அத்தோடு கலைந்திருந்தால் கூட்டம் என்று எப்படிச் சொல்வது? ஒருவன் கத்தினான்: குப்பண்ணன் இல்லையென்றால் பழி போட்ட ரத்தினசாமிதான் உடைத்திருப்பான், அதனால்தான் அவன் எருமையும் கோமாரியில் செத்தது. ஊர் அப்படியே ரத்தினசாமி பக்கம் திரும்பியது. ஐம்பது நாளாகக் குப்பண்ணனைப் பொய்யன் என்று சொல்லித் திரிந்தவன் அவன். கமலாத்தாள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். அப்படி நிற்கலாமா என்று ஒரு நொடி அவளுக்கும் தோன்றத்தான் செய்தது.

“எருமை செத்தா, எருமை செத்துதுன்னுதான் அர்த்தமுங்க” என்றாள்.

அப்படியானால் கரையை உடைத்தது யார் என்று செங்கோட்டையன் கேட்டார். எனக்குத் தெரியாது, என் வீட்டுக்காரர் தண்ணீரைத் திருப்பவில்லை என்பது மட்டும்தான் தெரியும் என்றாள். அன்றைக்குக் குப்பண்ணனின் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டது ரத்தினசாமி. யாரும் சொல்லாமலே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிரம்பி, மெல்ல நெற்பயிரின் காலைச் சுற்றிக்கொண்டது. குப்பண்ணன் வயலுக்கு நடுவில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். வரப்பில் நின்ற மனைவியிடம் சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டான்.

“அப்ப நான் பொய்ச் சத்தியம் பண்ணுல?”

“பண்ணுலீங்க.”

“செவல?”

“அது சீக்கு வந்து செத்துச்சுங்க. பாவம்.”

குப்பண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு குனிந்து, பக்கத்து மடையில் அடைத்துக்கொண்டிருந்த சருகுக் குப்பையை எடுத்து வீசினான். யார் இப்படி அடைப்போடு விடுவது, கண் தெரியவில்லையா என்று ரத்தினசாமியைச் சத்தம் போட்டான். பழைய குப்பண்ணனின் சத்தம். ரத்தினசாமி வந்து குனிந்தான்.

கமலாத்தாள் வரப்பு முனையில், பனைமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மயிலாத்தாள் அவளைத் தேடிக்கொண்டு வந்தபோது அவள் அவசரமாக முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று மயிலாத்தாள் கேட்டாள். காலையில் அடுப்பு ஊதினேன், புகைங்கக்கா என்றாள் கமலாத்தாள்.

மயிலாத்தாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பொகை பட்டா கண்ணு செவக்கும் கமலா. கண்ணு செவந்தா பொகைன்னு ஆயிருமா?”

மறுதலைக் கமலாத்தாள் மூக்கை உறிஞ்சினாள். எதிராளி சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்கிற அந்தக் கெட்ட பழக்கம் அன்றைக்கும் விடவில்லை.

“ஆகாதுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, மறைக்காமல் அழுதாள்.